பல்லாவரக் கல்லாயுதமும் ஓரிடத்தான்களும்: தொல்பழங்காலக் காலக்கணிப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பம்மலை ஒட்டியுள்ள பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு கிடைத்த கல்லாயுதம் இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு அடித்தளமிட்டது. எனினும் இத்தகைய கருவிகளின் வயதை ஆண்டுக்கணக்கில் கூறும் முயற்சி, தனிமங்களின் ஓரிடத்தான்கள் கண்டறியப்பட்ட பின்னரே கைகூடியது. நிறை எண் என்னும் வேதியியல் கருத்து தமிழக வரலாற்றுக்குச் சான்றான முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பல்லாவரம், அதிரம்பாக்கம், ஓரிடத்தான், நிறை எண், காலக்கணிப்பு.

முன்னுரை

இந்திய நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் (1834–1912), 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து வெட்டி எறியப்பட்ட கற்களிடையே மனிதனால் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். இவை செம்புரைப் படிவுகளோடு தொடர்புடையவை என ஃபூட் உணர்ந்தார். படிவுகளின் அடுக்குமுறையைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என அவரால் கூற இயன்றது. எத்தனை ஆண்டு முந்தியது என்ற வினாவிற்கு விடை காணும் கருவி அக்கால அறிவியலிடம் இல்லை.

ஓரிடத்தான் என்னும் கருத்து

ஃபூட் மறைந்த மறு ஆண்டு, 1913இல், பிரெடரிக் சாடி 'ஐசோடோப்பு' என்னும் சொல்லை அறிவியல் உலகிற்கு அளித்தார். தனிம வரிசை அட்டவணையில் ஒரே இடத்தைப் பெறுபவை என்பது அச்சொல்லின் பொருள். 'ஓரிடத்தான்' என்னும் தமிழ்ச்சொல் அப்பொருளை அப்படியே ஏந்தி நிற்கிறது. அதே ஆண்டில் ஜே. ஜே. தாம்சன், நியான் வாயுவில் 20, 22 என்னும் இருவேறு நிறைகளைக் கண்டார். 1919இல் ஆஸ்டன் உருவாக்கிய நிறைநிரல்வரைவி இவ்வேறுபாடுகளைத் துல்லியமாக அளந்தது. வேறுபாட்டிற்கான காரணம், 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தபோது தெளிவாயிற்று.

ஓர் அணுவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண். புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கை நிறை எண். அலுமினியம் எதுவாயினும் அதற்கு 13 புரோட்டான்கள் உண்டு. 14 நியூட்ரான்கள் சேர்ந்தால் அலுமினியம்-27, அது நிலையானது. 13 நியூட்ரான்கள் மட்டும் இருப்பின் அலுமினியம்-26; அது சிதைவுறும். அவ்வாறே 4 புரோட்டான்களைக் கொண்ட பெரிலியத்தில் நிறை எண் 9 உடையது நிலையானது. நிறை எண் 10 உடையது சிதைவுறுவது. ஒரு நியூட்ரான் கூடுவதும் குறைவதுமே நிலைத்தலையும் அழிதலையும் பிரிக்கிறது.

கரிமம்-14இன் எல்லை

லிபி 1949இல் வெளிப்படுத்திய கரிமம்-14 முறை தொல்லியலின் போக்கை மாற்றியது. அதன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்கத்தக்க அளவில் அது எஞ்சுவதில்லை. மேலும், கல்லாயுதம் உயிர்ப்பொருள் அன்று. எனவே கைக்கோடரிகளின் காலத்தை அறிய, கல்லுக்குள்ளேயே இயங்கும் நீண்ட ஆயுள் கொண்ட கடிகாரம் தேவைப்பட்டது.

கல்லுக்குள் ஒரு கடிகாரம்

விண்ணிலிருந்து வரும் கதிர்கள் நிலப்பரப்பிலுள்ள குவார்ட்சைத் தாக்கும்போது அதிலுள்ள ஆக்சிஜன்-16இலிருந்து பெரிலியம்-10உம், சிலிக்கன்-28இலிருந்து அலுமினியம்-26உம் தோன்றுகின்றன. ஒரு கிராம் குவார்ட்சில் ஆண்டுக்குச் சில அணுக்கள் மட்டுமே இவ்வாறு பிறக்கும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வைத் தொடங்கிய தேவேந்திர லால், இவற்றின் உருவாக்க வீதங்களைக் கணக்கிட்டு 1991இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டும் ஏறத்தாழ 7:1 என்ற விகிதத்தில் உருவாகின்றன. கல் ஆழப் புதையுண்டதும் கதிர் எட்டாது. உருவாக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். அலுமினியம்-26இன் அரைவாழ்வு ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள்; பெரிலியம்-10இன் அரைவாழ்வு ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகள். முன்னது விரைந்து குறைவதால் விகிதம் சரிகிறது. அச்சரிவே கல் புதைந்த காலத்தைக் காட்டுகிறது.

இங்கே நிறை எண் மட்டும் போதுவதில்லை என்பதும் கருதத்தக்கது. போரான்-10, பெரிலியம்-10 இரண்டிற்கும் நிறை எண் ஒன்றே. மக்னீசியம்-26, அலுமினியம்-26 ஆகியவற்றிற்கும் அவ்வாறே. ஆதலால் வேதிமுறைத் தூய்மையாக்கத்திற்குப் பின்னரே முடுக்கி நிறைநிரல் அளவி அணுக்களை எண்ணுகிறது. அணு எண், நிறை எண் இரண்டும் சேர்ந்தே ஓர் அணுவின் அடையாளத்தை உறுதிசெய்கின்றன.

அதிரம்பாக்கத்தின் விடை

சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் 1999 முதல் அதிரம்பாக்கத்தில் அகழாய்வு மேற்கொண்டனர். அங்குப் புதைந்திருந்த அச்சூலியன் வகைக் குவார்ட்சைட் கருவிகளை, பிரான்சு நாட்டு அறிஞர்களுடன் இணைந்து மேற்கண்ட முறையில் ஆராய்ந்தனர். 2011 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியாயிற்று. ஆறு கருவிகளின் சராசரி வயது 15.1 இலட்சம் ஆண்டுகள். பிழை எல்லை 70,000 ஆண்டுகள். படிவுகளில் பதிந்திருந்த நிலக்காந்தத் திசை, குறைந்தது 10.7 இலட்சம் ஆண்டுகள் எனத் தனித்து உறுதிசெய்தது. ஃபூட் எழுப்ப இயன்ற வினாவிற்கு ஏறத்தாழ 148 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விடை இது.

முடிவுரை

அதிரம்பாக்கத்திற்குக் கிடைத்த இவ்விடையைப் பல்லாவரத்துக் கல்லுக்கு அப்படியே பொருத்த இயலாது. அது கண்டெடுக்கப்பட்டபோதே தான் புதைந்திருந்த அடுக்கிலிருந்து பெயர்க்கப்பட்டிருந்தது. எந்த ஆழத்தில், எந்தப் படிவில் கிடந்தது என்பதை அறியாமல், அணுக்களின் எண்ணிக்கையை ஆண்டுகளாக மாற்ற முடியாது. வடிவ ஒப்புமை கருவியின் மரபைக் காட்டுமேயன்றி ஆண்டைக் காட்டாது.

எனவே மண்ணடுக்கும் கருவியைப் போன்றே ஒரு சான்று. பம்மல், பல்லாவரம் ஆகியவை இன்று தாம்பரம் மாநகராட்சியின் நெருக்கமான குடியிருப்புப் பகுதிகள். இப்பகுதியில் அடித்தளக் குழி தோண்டும்போது செம்புரைச் சரளை வெளிப்படுமாயின், கட்டடம் எழுமுன் அதன் அடுக்கும் ஆழமும் பதிவு செய்யப்பட வேண்டும். கருவி பிற்காலத்தில் அருங்காட்சியகத்தைச் சேரலாம். கலைந்த அடுக்கை எந்த ஆய்வகமும் மீட்டுத் தராது.