மண்கோட்டைக்கு இடிபாடு மிஞ்சாது

பூம்பாறைக்கு வர்றவங்க குழந்தை வேலப்பரைக் கும்பிடுவாங்க, மலைப்பூண்டு வாங்குவாங்க, படிக்கட்டு வயல்களை போட்டோ எடுப்பாங்க. ஜெர்மனி போய் வந்த நண்பர் கேட்டது வேற: "அங்க குக்கிராமத்துல கூட குன்று மேல ஒரு இடிஞ்ச கோட்டை நிக்குது. இங்க ஏன் டாக்டர் இல்ல?"

நல்ல கேள்வி. பதில் இதே பழனி மலையோட வடக்கு அடிவாரத்துல, ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருக்கு. விருப்பாச்சி. பஞ்சாமிர்தத்துக்குப் போற மலைவாழையால பேர் தெரிஞ்ச ஊர். ஒரு காலத்துல பாளையத்தின் தலைநகர்.

1772-ல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும், வேலு நாச்சியார் மகளோடு தப்பி வந்தது இந்தப் பக்கம்தான். அடைக்கலம் கொடுத்தவர் விருப்பாச்சி கோபால நாயக்கர். திண்டுக்கல் அப்போ ஹைதர் அலி கையில். அந்த உதவியோட நாச்சியார் 1780-ல் சிவகங்கையை மீட்டார். வெள்ளைக்காரனுக்கும் நவாபுக்கும் வேண்டாத ஒரு ராணிக்கு வருஷக்கணக்கா இடம் கொடுக்கிறது சின்ன ரிஸ்க் இல்லைங்க. நம்ம பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் தாண்டிப் போயிடும்.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் திண்டுக்கல்லை கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. இனி கிஸ்தி கம்பெனிக்கு. கோபால நாயக்கர் சுற்றுவட்டப் பாளையக்காரர்களைக் கூட்டணியாகச் சேர்த்தார்; சிவகங்கை மருது சகோதரர்களோடும் தொடர்பு. 1800 ஜூன் 3-ல் கோயம்புத்தூர் ராணுவ முகாமைத் தாக்கும் திட்டம் தோற்றது. பிடிபட்ட பலருக்குத் தூக்கு. மறுவருஷம் கோபால நாயக்கரையும் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டாங்க.

இப்போ கோட்டைக்கு வருவோம். பாளையக்காரர் கோட்டைகள் பெரும்பாலும் மண். கேவலமா நினைக்காதீங்க. கல்சுவர் பீரங்கிக் குண்டு பட்டால் நொறுங்கும், மண்சுவர் குண்டை உள்வாங்கிக்கும். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை கம்பெனிப் படையை ஏறக்குறைய இரண்டு மாசம் நிறுத்தி வெச்சது. பிடிச்ச பிறகு தரைமட்டமாக்கினாங்க. அதே வருஷம் டிசம்பர் 1-ல் கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைக்கவே தடை போட்டார். இடிச்ச மண்சுவர் மேல நாலு மழை பெய்தால் போதும், அது வெறும் மேடு.

ஜெர்மனியிலும் அழிவு நடந்ததுதான். ரைன் நதிப் பக்கத்துக் கோட்டைகள் பலதை 1689-ல் பிரெஞ்சுப் படை தகர்த்தது. கல் என்பதால் பாதிச் சுவர் நின்னுச்சு. 19-ம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பமே காசு போட்டு சிலதை எடுத்துக் கட்டினாங்க. நம்ம பாளையக்காரர்களுக்கு அப்படி யார் இருந்தா?

விருப்பாச்சியில் கோபால நாயக்கருக்கு மணிமண்டபம் இருக்கு. திண்டுக்கல்லில் இருந்து பழனி போற ரோட்டுல போறவங்க வண்டியை நிறுத்திப் பாருங்க.