போரைப் பார்க்காத போர் விசிறி

ஜப்பானியப் போர் விசிறிகளில் பெரும்பாலானவை போரைப் பார்த்ததே இல்லை. ‘சாமுராய் களத்தில் ஏந்தியது’ என்று ஏலத்தில் கூவி விற்கும் விசிறியைக் கையில் எடுப்பவர் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1615இல் ஒசாகாக் கோட்டை விழுந்தது. 1637-38இல் ஷிமபாரா கிளர்ச்சியை அடக்கினார்கள். அதன்பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டில் பெரிய போரே கிடையாது. இன்று கைக்குக் கிடைக்கும் விசிறிகள் பெரும்பாலும் எடோ காலம் எனப்படும் அந்த நெடிய அமைதிக் காலத்தில், அல்லது அதற்கும் பிறகு பிறந்தவை.

களத்துக்கு உண்மையாகவே போனவற்றில் பேர்போனது குன்பாய். மடங்காத விசிறி அது; மரம், தோல், இரும்பு என்று எதிலாவது செய்து அரக்குப் பூசியிருப்பார்கள். தளபதி அதை அசைத்தால் படை நகரும். சிலவற்றில் சூரிய சந்திரரும் நட்சத்திர மண்டலங்களும் வடமொழி மந்திர எழுத்துகளும் இருக்கும். நாள், திசை பார்த்துப் படையெடுத்த காலம் அல்லவா! 1561இல் கவனகஜிமாப் போரில் தளபதி உஎசுகி கென்ஷின் குதிரையில் பாய்ந்து வந்து வாளை வீச, உட்கார்ந்திருந்த எதிரணித் தளபதி தகெதா ஷிங்கென் குன்பாயாலேயே தடுத்தார் என்பது கதை. பிறகு எண்ணிப் பார்த்தால் அதில் ஏழு வெட்டுகளாம். நாகானோவில் அந்தக் காட்சிக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் இப்படி ஒரு கதை ஊரறிய உலவும்போது, வெட்டுத் தழும்போடு வரும் குன்பாயை நான் இரண்டு மடங்கு சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். குன்பாய்க்கு இன்றும் வேலை இருக்கிறது: சுமோ மல்யுத்த நடுவர் கையில் இருப்பது அதுவே. ஆகவே பழைய குன்பாய் ஒன்று கிடைத்தால், அது எந்தக் களத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

மடக்கு விசிறியின் பயணம்தான் சுவாரசியமானது. இதற்குக் குன்சென் என்று பெயர். வெளிச் சட்டம் இரண்டும் இரும்பு. உள்சட்டங்கள் மூங்கிலாகவோ இரும்பாகவோ இருக்கும். ஏறக்குறைய 30 செ.மீ. நீளம். தாளில் பொன் அல்லது கறுப்புத் தரையில் சிவப்புச் சூரியன். மறுபக்கம் பெரும்பாலும் பிறை அல்லது விண்மீன்கள். இதன் முரட்டு உறவினன் தெஸ்ஸென், அதாவது இரும்பு விசிறி. அதிலும் விரியாத வகை ஒன்று உண்டு. மடக்கிய விசிறிபோல் தோன்றும், உண்மையில் அது இரும்புத் தடி.

அமைதிக் காலத்தில் இரும்பு விசிறி எதற்கு? பெரிய இடத்துக்குப் போனால் நீள வாளை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். விசிறியோ முறையான உடையில் சேர்ந்தது. அதைக் கொடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். இடுப்பில் செருகிய இரும்பு இப்படித்தான் உள்ளே போனது. எடோ ஆட்சி ஆட்டம் கண்ட கடைசி ஆண்டுகளில் இது வீறாப்பின் அடையாளமாகவும் ஆனது. 1863இல் கியோத்தோவில் கொல்லப்பட்ட ஷின்செங்குமி என்ற சாமுராய் காவல் படையின் தலைவர் செரிசாவா காமோவை இன்றும் கையில் தெஸ்ஸெனோடுதான் நினைவுகூர்கிறார்கள்.

எடோ ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1876இல் பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடைசெய்தது. சாமுராய்களின் மானியமும் அதே ஆண்டோடு முடிந்தது. வயிற்றுப்பாட்டுக்காகக் கவசமும் வாளும் விசிறியும் விலைக்கு வந்தன. 1859இலேயே திறந்துவிட்டிருந்த யோகோஹாமா துறைமுகத்தில் வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். மீன்களை ஆராயும் விலங்கியலாளராக ஜப்பானுக்குப் போன பாஷ்ஃபோர்ட் டீன் கவசம் சேர்ப்பவராகத் திரும்பினார். பின்னாளில் நியூயார்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவை அவர்தான் நடத்தினார். வாங்க ஆள் இருந்தால் செய்யவும் ஆள் இருக்கும். பழையது தீர்ந்த இடத்தில் புதியது பழையதாக நுழைந்தது. காலம் கணிப்பவருக்குத் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

கணிப்பவர் முதலில் தொடுவது அடியில் இருக்கும் ஆணியை. சட்டங்கள் எல்லாம் சுழலும் இடம் அது. பல தலைமுறை திறந்து மூடிய விசிறியில் ஆணித் துளை ஒரு பக்கமாகத் தேய்ந்து நீண்டிருக்கும். கயிறு கோக்கும் துளை இருந்தால் அதன் விளிம்பும் மழுங்கியிருக்கும். துரு வெளியே முழுக்கப் படிந்திருக்க, தேய வேண்டிய இடங்கள் மட்டும் கூர்மையாக நின்றால், அந்தத் துரு வயதால் வந்ததல்ல. சட்டங்கள் ஒன்றுபோல் ஒன்று பிசகாமல் இருந்தாலும் யோசிக்க வேண்டும். அது இயந்திரத்தின் வேலை. கவசக் கொல்லரான மியோசின் குடும்பத்தின் பெயர் பொறித்திருந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. இரும்புப் பொருள்களில் அதிகம் போலி செய்த கையொப்பங்களில் அதுவும் ஒன்று.

தாள் இன்னும் வாயாடி. தங்க ரேக்கு மங்காது. பித்தளைப் பொடி பூசியிருந்தால் மடிப்போரத்தில் பழுப்பும் பச்சையும் தட்டும். புற ஊதா விளக்கின் கீழ் தாள் நீலமாகப் பளிச்சிட்டால், அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது; அப்படிப்பட்ட தாள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. சட்டங்களோடு பொருந்தாத பழைய மடிப்புத் தடம் தெரிந்தால் வேறொரு விசிறியின் தாளை இங்கே ஒட்டியிருக்கிறார்கள். இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. கிழிந்தால் தாள் மாற்றுவது விசிறிக்கு இயல்பான வைத்தியம்.

தேதி எழுதியிருந்தால் சிக்கல் தீர்ந்ததா? தென்போ 9 என்று ஆட்சிக்காலப் பெயர் இருந்தால் 1838 என்று சொல்லிவிடலாம். ஆனால் அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருந்தால்? நம் பிரபவ, விபவ போலவே அங்கும் சுற்று உண்டு. ‘மண்-நாய்’ என்று அவர்கள் குறிக்கும் ஆண்டு நம் விளம்பியோடு ஒத்துவருகிறது: 1778, 1838, 1898. முதல் இரண்டில் சாமுராய் இருந்தார். மூன்றாவதில் வாளே இல்லை, வாங்கவந்த வெளிநாட்டுக்காரர்தான் இருந்தார். ஒரே இரண்டெழுத்து, விலையோ மலைக்கும் மடுவுக்கும்.

விசிறியோடு வரும் மரப்பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப முடியாது. பெட்டியும் விசிறியும் எப்போது சேர்ந்தன என்று யார் கண்டது? அதனால் நல்ல பட்டியலில் ஒரே ஆண்டு இருக்காது. சட்டம் எடோவின் பிற்காலம், ஆணி மாற்றியது, தாள் மெய்ஜி, பெட்டி வேறு விசிறியுடையது என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். விற்பவருக்கு அது பிடிக்காது.