உடுத்தினாலும் குற்றம்

சிதம்பரத்தில் ஒரு மாணவர் கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றார். நம்ம பிள்ளைதான், அம்பேத்கர் படம் போட்ட பனியன். ‘அக்கா, நீங்க சொன்னதெல்லாம் சரி. ஆனா பொண்ணுங்களும் கொஞ்சம் ஒழுங்கா டிரெஸ் பண்ணிக்கிட்டா இந்த மாதிரி சம்பவம் குறையுமில்ல?’ என்று கேட்டார். கெட்ட பிள்ளை இல்லை. தங்கச்சி இருக்கிறவர், அக்கறையோடுதான் கேட்டார். அதனாலேயே சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. கடலூர் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது ஆயா ஞாபகம் வந்தது.

ஆயா, எங்கம்மாவைப் பெற்றவள். காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவாள். ரவிக்கை போட ஆரம்பித்ததே கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துத்தான். முதல்முதலாக ரவிக்கையோடு வயலில் இறங்கின அன்று வரப்பில் நின்ற பண்ணைக்காரர் கேட்டாராம்: ‘ஏண்டி, மேல போட்டுக்கிட்டு வந்திருக்கியே, யாருக்குக் காட்ட?’ மூடிக்கொண்டு வந்தவளைப் பார்த்து, யாருக்குக் காட்ட என்று கேள்வி. மூடாமல் இருந்த வருஷங்களில் அதே ஆள் என்னென்ன செய்தார் என்பதை ஆயா எங்களிடம் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் எல்லாவற்றையும் எங்களிடம் சொன்னதில்லை.

துணி காப்பாற்றும் என்று தம்பி நம்புகிறார். இந்த நம்பிக்கை யாருடைய அனுபவத்திலிருந்து வந்தது? சேரிப் பெண்களின் அனுபவத்திலிருந்து வந்திருக்க முடியாது.

தென் திருவிதாங்கூரை எடுத்துக்கொள்வோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்களும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட சாதிகளின் பெண்களும் மேல்சாதியார் எதிரில் மார்பை மூடக்கூடாது. மூடாமல் நிற்பதுதான் மரியாதை. கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று கர்னல் மன்றோ காலத்தில், 1810களில், அனுமதி வந்தது. பெண்கள் அதோடு நிற்கவில்லை, மேலே சீலையும் போட்டார்கள். 1820களில் கல்குளம், இரணியல் பக்கமெல்லாம் பொது இடத்தில் வைத்து அந்தச் சீலையைப் பிடித்துக் கிழித்தார்கள். 1829இல் அரசாங்கமே அறிவிப்புப் போட்டு மேல்சீலையைத் தடுத்தது. 1858-59இல் மறுபடியும் பெண்களின் துணியைக் கிழிப்பதும், வீடுகளுக்குத் தீ வைப்பதும் நடந்தன. சென்னை கவர்னராக இருந்த டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா அறிவிப்பு வெளியிட்டார். சாணார் பெண்கள் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மூடலாம். மேல்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மட்டும் மூடக்கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். மார்பு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது ராஜாவுக்கு அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. தூரத்தில் ஒரு பெண் வரும்போதே அவள் எந்தச் சாதி என்று தெரிந்தாக வேண்டும். எவளைத் தொட்டால் தலை போகும், எவளைத் தொட்டால் கேட்க நாதியில்லை என்பதைத் துணியை வைத்தே தெரிந்துகொள்கிற ஏற்பாடு அது. தோள்சீலைப் போராட்டத்தை நாடார் சமூகம் தன் வெற்றியாக எழுதிக்கொள்கிறது. வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவிப்பில் புலையப் பெண்ணும் பறைப் பெண்ணும் இல்லை. புலையப் பெண்கள் கழுத்தில் கட்டாயமாகச் சுமந்த கல்மாலையைக் கழற்றி எறிவதற்கு 1915 வரை, பெரிநாட்டுக் கலவரம் முடிந்து அய்யன்காளி கொல்லத்தில் கூட்டம் போடும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

திருவிதாங்கூர் சமஸ்தானம், நம்மூரில் அப்படியெல்லாம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். தங்க வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது, சட்டை பனியன் கூடாது, கிராப் வெட்டக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் மட்டும்தான். பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. இதற்கு மூன்று வருஷம் முன்னால், 1927 டிசம்பரில், மகாத்தில் கூடிய பெண்களைப் பார்த்து அம்பேத்கர் சேலை கட்டுகிற விதத்தை மாற்றச் சொன்னார். நம்மைக் காட்டிக்கொடுக்கிற கனத்த வெள்ளி நகைகளைக் கழற்றச் சொன்னார். ஒரு பெரிய தலைவர் பெண்களிடம் போய்ச் சேலையைப் பற்றிப் பேசுவானேன் என்று நான் எம்.ஏ. படிக்கும்போது யோசித்திருக்கிறேன். ஹட்டனின் பட்டியலைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஆக, ‘ஒழுங்கா உடுத்து’ என்பது ஊர்ப் பெண்ணுக்குச் சொன்னது. சேரிப் பெண்ணுக்குச் சொன்னது ‘ஒழுங்கா உடுத்தாதே’ என்பது. இரண்டையும் சொன்ன வாய் ஒன்றுதான். இன்றைக்குச் சேரிப் பெண்ணும் சுடிதார் போட்டுப் படிக்கப் போகிறாள். உடனே ஊர்ப் பெண்ணுக்குச் சொன்ன புத்திமதி அவளுக்கும் வந்து சேர்கிறது. ஆண் பிள்ளைகளையும் விடவில்லை. 2012இல் தருமபுரி நத்தம் காலனி எரிந்த சமயத்தில், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஒரு சாதிக் கட்சித் தலைவர் பேசினார். முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது என்ற 1930ஆம் வருஷத் தடைதான் இது.

இனி நீதிமன்றம். 1972இல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே கெடுத்தார்கள். 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லையாம், கத்தவில்லையாம். 1992இல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி. 1995இல் விடுதலை. மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் நியாயங்களில் ஒன்று. எல்லாம் பழைய கதை என்று நினைத்திருந்தேன். 2022 ஆகஸ்டில் கோழிக்கோடு செஷன்ஸ் கோர்ட்டில் ஓர் எழுத்தாளர் மேல் இரண்டு பெண்கள் கொடுத்த புகார்கள் வந்தன. ஒருவர் தலித். அவர் தாழ்த்தப்பட்டவர் என்று தெரிந்தே குற்றம் சாட்டப்பட்டவர் தொட்டிருப்பார் என்பது நம்பும்படி இல்லை என்று சொல்லி முன்ஜாமீன் கொடுத்தார் நீதிபதி. சில நாள் கழித்து மற்றப் பெண்ணின் புகாரில், அவர் ஆசையைத் தூண்டும் உடை உடுத்தியிருந்தார் என்று சொல்லி அதிலும் முன்ஜாமீன். ஒரே மாதம், ஒரே நீதிபதி. ஒருத்தி தீட்டானவள், ஆகவே நடந்திருக்காது. இன்னொருத்தி கவர்ச்சியானவள், ஆகவே நடந்தால் அவள்தான் காரணம். அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் தலித் பெண்ணின் வழக்கில் கொடுத்த முன்ஜாமீனை ரத்து செய்தது, உடை பற்றிய வாசகத்தையும் நீக்கியது. பெண்ணின் உடையையும் நடத்தையையும் பற்றிக் கோர்ட்டுகள் பேசக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. சொல்லி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவு தூரத்துக் கதைகள்கூட இல்லை. நாங்கள் டீ குடித்த இடத்திலிருந்து அண்ணாமலைநகர் போலீஸ் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். 1992இல் ஒரு மனிதரைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துப்போய் அங்கே அடைத்தார்கள். அவர் மனைவியை அந்த ஸ்டேஷனிலேயே போலீஸ்காரர்கள் கூட்டாகக் கெடுத்தார்கள். அவர் காவலிலேயே செத்தார். மாதர் சங்கத்தார் அந்தப் பெண்ணுக்குத் துணையாக நின்று போராடித்தான் வழக்கு உயிரோடு இருந்தது, காவலர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. அந்த வழக்கு நம் ஊர்ப் பெயராலேயே நாடெங்கும் அறியப்பட்டது. சிதம்பரத்தில் படிக்கிற தம்பிக்கு அது தெரியாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் பாடமாக வைக்கவில்லை.

அதே 1992, ஜூன் 20. தருமபுரி ஜில்லா வாச்சாத்தியில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 18 மலைவாழ் பெண்களைக் கெடுத்தார்கள். அதில் சிறுமிகளும் இருந்தார்கள். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி 215 பேருக்குத் தண்டனை வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம். அந்தப் பதினெட்டுப் பேரும் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிறபோதே வெட்கமாக இருக்கும்.

பத்திரிகைகள் அன்று ‘கற்பழிப்பு’ என்றுதான் எழுதின. செய்தவனை விட்டுவிட்டு, அவளிடமிருந்த ஏதோ ஒன்று அழிந்துபோனது என்று சொல்கிற சொல். ‘கெடுத்தார்கள்’ என்று மேலே நானும் எழுதியிருக்கிறேன். எங்கள் சேரியில் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள், அடித்து எழுத மனம் வரவில்லை. அந்தச் சொல்லிலும் அவள்தான் கெட்டுப்போகிறாள்.

இன்னொன்றும் தம்பிக்குச் சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷாவருஷம் போடுகிற கணக்கில், பதிவாகும் வன்புணர்ச்சி வழக்குகளில் 10க்கு 9க்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவன் அவளுக்குத் தெரிந்தவன். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், வேலை கொடுக்கிறவன். தெருவில் போகிற துணியைப் பார்த்து மயங்கி வந்தவன் இல்லை. அவள் யார், அவளுக்கு யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்து வந்தவன். வரப்பில் நின்ற பண்ணைக்காரரும் ஆயாவுக்குத் தெரிந்தவர்தான்.

பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா தொடங்கிய பிளாங்க் நாய்ஸ் அமைப்பு, தாக்கப்பட்ட பெண்கள் அன்று உடுத்தியிருந்த துணிகளைக் கேட்டு வாங்கிச் சேர்க்கிறது. பள்ளிச் சீருடையும் சேலையும் சுடிதாரும் வந்து சேருகின்றன. நல்ல வேலைதான். அம்மாவிடம் சொன்னேன், ஆயா சேலை ஏதாவது இருக்கா என்று.

‘ரெண்டே சீலைடி அவளுக்கு’ என்றாள் அம்மா. ‘ஒண்ணு ஒடம்புல, ஒண்ணு கொடியில. கிழிஞ்சதத் தூளி கட்டி ஒன்னப் போட்டு ஆட்டுனா. அதுக்கப்புறம் கரித்துணி.’