வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போகும் நாய்க்குட்டி... அடித்தால் திருந்துமா? கோம்பை குட்டி வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

பத்து நிமிடம் வாசலில் நிறுத்தினாலும் ஒன்றும் நடக்காது. மண்ணை மோந்து பார்க்கும், எறும்பைத் துரத்தும், செருப்பைக் கடிக்கும். சரி, இப்போதைக்கு வராதுபோல என்று உள்ளே தூக்கி வந்து விட்டால், அடுத்த நிமிடமே ஹால் நடுவில் குளம் கட்டிவிடும். புதிதாக நாய்க்குட்டி வாங்கிய வீடுகளில் முதல் மாதம் பெரும்பாலும் இதே கதைதான்.

"மூஞ்சியைப் பிடிச்சு அதுலயே தேய்ங்க, அப்பத்தான் புத்தி வரும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதையும் செய்து பார்த்து, ரெண்டு அடியும் போட்டுப் பார்த்து, கடைசியில் "இது வீட்டுக்கு ஆகாது" என்று குட்டியைத் தோட்டத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. ரெண்டு மாதக் குட்டியின் தலையெழுத்தையே மாற்றிவிடும் இந்தப் பிரச்னை, சரியாகக் கையாண்டால் சில வாரங்களில் கட்டுக்குள் வரக்கூடியது. முதலில் மாற வேண்டியது வீட்டில் இருப்பவர்களின் டைம்டேபிள்.

கோம்பை டு மாடி போர்ஷன்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது கோம்பை பேரூராட்சி. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கோம்பை நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் தமிழ்நாட்டு நாய் இனம். செம்பழுப்பு நிறம், கருத்த வாய்ப்பகுதி, கட்டான உடம்பு. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. 2020 ஆகஸ்ட் 30 அன்று ஒலிபரப்பான 'மன் கி பாத்' நிகழ்ச்சியில், இந்திய நாய் இனங்களை வளர்க்கச் சொல்லிப் பேசிய பிரதமர் மோடி, கோம்பையின் பெயரையும் குறிப்பிட்டார்.

இந்த நாய்கள் வளர்ந்த இடம் தோட்டம், தொழுவம், வீட்டு வாசல். எங்கே ஒண்ணுக்குப் போவது என்ற கேள்வியே அங்கே எழாது. சுற்றிலும் மண்தானே! இன்று அதே குட்டி கம்பத்திலோ தேனியிலோ டைல்ஸ் பதித்த மாடி போர்ஷனுக்கு வருகிறது. படி இறங்கத் தெரியாத வயசு. கீழே ஹவுஸ் ஓனர். பாதிப் பிரச்னை இந்த இடமாற்றத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

குட்டிக்கு உண்மையில் என்ன தெரியும்?

பிறந்த முதல் மூன்று வாரம் வரை குட்டியால் தானாக ஒண்ணுக்கோ ரெண்டுக்கோ போக முடியாது. தாய் நாய்தான் வயிற்றுக்குக் கீழே நக்கித் தூண்டிவிடும், சுத்தமும் செய்யும். நடக்க ஆரம்பித்ததும் குட்டி தானாகவே படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப் போய்த்தான் இருக்கும். 'படுக்கிற இடத்தை அசுத்தம் பண்ணக் கூடாது' என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதற்கு இருக்கும் அறிவு.

அதன்பிறகு, சுமார் 8 வாரத்துக்குள், எந்தத் தரையில் போவது என்ற பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. மண்ணில் வளர்ந்த குட்டி மண்ணைத் தேடும். சிமென்ட் தரையில் அடைத்து வளர்த்த குட்டிக்குச் சிமென்ட்தான் கக்கூஸ். அதற்கு டைல்ஸும் சிமென்டும் ஒன்றுதான். குட்டி வாங்கப் போகும்போது பெற்றோர் நாயைப் பார்ப்பவர்கள், குட்டிகளை எங்கே விட்டு வளர்க்கிறார்கள் என்பதையும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன. முப்பது நாள் குட்டியை 'இப்பவே தூக்கிட்டுப் போங்க' என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் கற்க வேண்டியது அதற்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

அடுத்தது மூத்திரப்பை. தோராயக் கணக்கு ஒன்று உண்டு: குட்டிக்கு எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் பகலில் அது அடக்கக்கூடிய அதிகபட்சம். ரெண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். அதுவும் சும்மா படுத்திருந்தால்தான். ஓடி விளையாடினால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. காலையில் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து 'எவ்வளவு நேரம் அடக்கத் தெரியுதுன்னு பாப்போம்' என்று எதிர்பார்ப்பது கைக்குழந்தையிடம் எதிர்பார்ப்பது மாதிரி.

அடித்தால் எதைக் கற்றுக்கொள்ளும்?

நீங்கள் அடிப்பது 'உள்ளே போனதற்காக' என்று குட்டிக்குப் புரியாது. 'இவங்க முன்னாடி போனா அடி விழும்' என்பது மட்டும்தான் புரியும். விளைவு? அடுத்த தடவை கட்டிலுக்கு அடியிலும் பீரோ சந்திலும் போய் ஒளிந்து இருந்துவிட்டு வரும். இன்னும் மோசம், வெளியே கூட்டிப்போனாலும் நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை அடக்கிக்கொள்ளும். வாசலில் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காமல் உள்ளே வந்ததும் குளம் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"தப்பு பண்ணோம்னு அதுக்கே தெரியுது, பாருங்க எப்படி முழிக்குதுன்னு" என்பார்கள். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். நாய் தப்பு செய்ததோ இல்லையோ, உரிமையாளர் திட்டினால் அந்தக் 'குற்றவாளி முழி' வந்துவிட்டது. உங்கள் கோபத்தைப் பார்த்து வரும் பயம் அது. மணிக்கணக்கு கழித்து ஈரத்தைக் கண்டுபிடித்துத் திட்டினால், எதற்கு என்று அதற்குச் சுத்தமாகப் புரியாது. கண் முன்னால் போவதைப் பார்த்தால் மட்டும், கையைத் தட்டிக் கவனத்தைத் திருப்பி, அள்ளிக்கொண்டு வெளியே ஓடுங்கள். மீதியை அங்கே போனால் பாராட்டுங்கள். அவ்வளவுதான்.

சரி, என்னதான் செய்வது?

குட்டிக்கு எப்போது வரும் என்பதைக் கிட்டத்தட்ட கடிகாரம் வைத்துச் சொல்லிவிடலாம். தூங்கி எழுந்ததும் வரும். சாப்பிட்டு 5 முதல் 30 நிமிடத்துக்குள் வரும். தண்ணீர் குடித்த கொஞ்ச நேரத்தில் வரும். விளையாட்டின் நடுவில் திடீரென்று நின்று, தரையை மோந்துகொண்டே வட்டம் போட்டால் வந்தேவிட்டது என்று அர்த்தம். இந்த நேரங்களில் எல்லாம் அது கேட்பதற்கு முன்பே தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். இது போக, முழித்திருக்கும் நேரத்தில் ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை ஆகும். அலுப்பான வேலைதான், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு தடவையும் ஒரே இடம், ஒரே கதவு. முந்தைய வாசனை அங்கே இருப்பதால் குட்டிக்கு உடனே நினைவு வரும். விளையாட்டு காட்டாமல் சும்மா நில்லுங்கள். போக ஆரம்பித்ததும் ஒரு சத்தம் கொடுக்கலாம். நம் வீடுகளில் கைக்குழந்தையைக் காலில் உட்கார வைத்து "உஸ்ஸ்ஸ்" என்பார்களே, அதே டெக்னிக்தான். சத்தமும் செயலும் சேர்ந்து சேர்ந்து, கொஞ்ச நாளில் சத்தத்துக்கே வந்துவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே சத்தத்தைப் பயன்படுத்த வேண்டும்; அப்பத்தா "போ வெளிய" என்றும் பிள்ளைகள் "சூ சூ" என்றும் ஆளுக்கு ஒன்று சொன்னால் குட்டி குழம்பிப்போகும்.

முடித்த ரெண்டு விநாடிக்குள் பாராட்டு, கூடவே ஒரு சின்னத் துண்டு வேகவைத்த முட்டையோ சிக்கனோ. பரிசு அந்த இடத்திலேயே கிடைக்க வேண்டும். உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்து கொடுத்தால், 'உள்ளே வந்ததுக்குப் பரிசு' என்று நினைத்துக்கொள்ளும். முடித்த உடனே உள்ளே தூக்கிவரவும் கூடாது. விளையாட்டு அத்தோடு முடிந்துவிடும் என்று தெரிந்தால், அடுத்த தடவை வேண்டுமென்றே இழுத்தடிக்கும். ரெண்டு நிமிடம் ஓட விட்டுவிட்டுக் கூட்டிவாருங்கள்.

மிச்ச நேரத்தில் குட்டி உங்கள் கண்ணில் இருக்க வேண்டும். வீடு முழுக்க விட்டால் ஏதோ ஒரு மூலையில் போகத்தான் செய்யும். பெல்ட்டோடு ஒரு கயிறைக் கட்டி உங்களோடு வைத்துக்கொள்ளலாம். அது முடியாத நேரத்தில் எழுந்து திரும்பிப் படுக்கிற அளவுக்கு மட்டும் இருக்கும் கூண்டோ, தடுப்பு வைத்த மூலையோ போதும். படுக்கிற இடத்தை அசுத்தம் பண்ணாத குணம் இங்கேதான் கைகொடுக்கும். பெரிய கூண்டு வாங்கினால் ஒரு ஓரத்தில் படுத்து இன்னொரு ஓரத்தில் போய்விடும். நாள் முழுக்க அடைத்து வைத்தாலும் வேறு வழி இல்லாமல் படுக்கையிலேயே போகப் பழகிவிடும். அப்புறம் மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு தடவை, நடுச்சாமத்தில் ஒன்றோ ரெண்டோ தடவை. லைட்டைப் போட்டுக் கொஞ்சாமல், போய்விட்டு வந்து படுக்க வைத்துவிட வேண்டும்.

மாடி வீடு என்றால்?

ரெண்டு மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் படி இறங்குவதற்குள் வழியிலேயே வேலை முடிந்துவிடும். நியூஸ்பேப்பர் விரிப்பது பழைய வழி. ஆனால் பேப்பரில் போகப் பழகிய குட்டிக்கு, சோபாவில் கிடக்கும் பேப்பரும் பேப்பர்தான். அதைவிட, விளிம்பு தாழ்ந்த பழைய பிளாஸ்டிக் டப்பில் ரெண்டு, மூன்று அங்குலத்துக்கு மண் போட்டு, பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வைப்பது மேல். தோட்டத்தில் வளர்ந்து வந்த குட்டிக்கு அது பழகிய தரை. பின்னாளில் வெளியே கூட்டிப்போகும்போதும் மண்ணைத்தான் தேடும். கழிவை அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும். நாயின் குடல் புழு மண் வழியாகக் குழந்தைகளுக்கும் வரும்.

தெருவில் இறக்கிவிடலாமா?

தடுப்பூசி முடியும்வரை வேண்டாம். பார்வோ வைரஸ் தெரு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ரத்தபேதி கண்டு குட்டி ரெண்டு, மூன்று நாளில் செத்தே போகலாம். பார்வோ தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வார வயதுவரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போடப்படுகிறது. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். அதுவரை வேறு நாய்கள் வராத சொந்த வாசல், கொல்லை, மாடி டப் போதும்.

பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "திராட்சைத் தோட்டத்துல விட்டா அதுபாட்டுக்குப் போயிட்டு வரும்" என்று விடாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை நமக்குத்தான் இனிப்பு. திராட்சை, உலர் திராட்சை எதுவாக இருந்தாலும் நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது. எத்தனை பழம்வரை ஆபத்தில்லை என்று அளவு சொல்ல முடியாது. கீழே உதிர்ந்ததைக் குட்டி தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். மருந்து அடித்த தோட்டம் என்றால் இரட்டை ஆபத்து.

ஆடி மாதக் காற்றும் சாரலும் வேறு ஒரு தலைவலி. ஈரத்தில் கால் வைக்கப் பிடிக்காமல் குட்டி திரும்பி உள்ளே ஓடிவரும். தாழ்வாரத்துக்குக் கீழே நனையாத ஒரு மூலையில் மண் டப்பை வைத்துவிட்டால் போதும்.

பினாயில் போட்டுத் துடைத்தும் அதே இடத்தில் போகிறதே?

நமக்குப் பினாயில் மணக்கும்; குட்டியின் மூக்குக்கு அதற்கு அடியில் இருக்கும் பழைய வாசனையும் தெரியும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு வினிகர் கலந்த தண்ணீரில் துடைக்கலாம். செல்லப்பிராணி கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர் இன்னும் நன்றாக வேலை செய்யும். பினாயில் துடைத்த ஈரத்தைக் குட்டி நக்கினால் ஆபத்து. பிளீச்சிங் பவுடரை வினிகரோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

பால் சோறும் காரணமா?

ரெண்டுக்கு நேரம் காலம் இல்லாமல் போகிறது, அதுவும் தண்ணியாகப் போகிறது என்றால், முதலில் தட்டைப் பாருங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது. பால் சோறு போடும் வீட்டில் வயிற்றுப்போக்கு சகஜம். மிச்சம் மீதியைத் தட்டில் நாள் முழுக்க வைத்துவிட்டால் வெளியேறும் நேரமும் தாறுமாறாகும். ரெண்டு, மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை, தினமும் அதே நேரத்துக்குக் கொடுங்கள். பதினைந்து, இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம். ஆனால் ஒண்ணுக்குப் போகிறதே என்று தண்ணீரைக் குறைக்கவே கூடாது, தேனி வெயிலுக்கு அது கொடுமை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சொட்டுச் சொட்டாக அடிக்கடி போவது, முக்குவது, ரத்தம் கலந்து வருவது, தூக்கத்திலேயே நனைப்பது, நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று மறுபடி உள்ளே போக ஆரம்பிப்பது ஆகியவை மூத்திரப்பாதைத் தொற்றாக இருக்கலாம். பழக்கிச் சரிசெய்யும் விஷயம் இல்லை இது. பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் தேனியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்கிவருகிறது.

அப்பா வேலை முடிந்து வந்து குனிந்து கூப்பிட்டதும் காதை மடக்கி, உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒண்ணுக்குப் போனால், அது பணிவிலும் பரபரப்பிலும் வருவது. திட்டத் திட்ட அதிகமாகும். வந்ததும் கண்டுகொள்ளாமல் இருந்து, குட்டி நிதானமானதும் கீழே உட்கார்ந்து பக்கவாட்டில் கைநீட்டினால் போதும், வளர வளர நின்றுவிடும். ஆண் குட்டி ஆறு மாதத்துக்கு மேல் காலைத் தூக்கிக் கதவோரத்தில் அடிப்பது இன்னொரு ரகம், அது எல்லை குறிப்பது.

பெரும்பாலான குட்டிகள் நான்கு முதல் ஆறு மாத வயதுக்குள் பழகிவிடுகின்றன. சிலது ஒரு வருஷம்கூட எடுக்கும். தொடர்ந்து ஒரு மாதம் உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை என்றால்தான் பழகிவிட்டது என்று கணக்கு. அதன்பிறகு ஒவ்வொரு அறையாகத் திறந்துவிடலாம்.