மதீனா நாட்கள் – 31: எண்பது பேரும் கஅபும்

ரோமரை எதிர்கொள்ளத் தபூக்குக்குப் போன நபிகளாரின் படை மதீனாவுக்குத் திரும்பிவிட்டது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கி.பி. 630இன் கடைசி மாதங்கள். தபூக்கில் வாள் உருவ வேண்டி வரவில்லை. ரோமப் பேரரசர் ஹிராக்ளியஸின் சேனை எதிரே வரவே இல்லை. அய்லாவின் தலைவர் யுஹன்னா வரி கட்டச் சம்மதித்தார். தளபதி காலித் போய் தூமத்துல் ஜந்தலின் ஆட்சியாளர் உகைதிரைப் பிடித்து வந்தார்.

இந்த வாரம் மதீனா நயவஞ்சகர்களின் தலைவர் அப்துல்லாஹ் இப்னு உபையின் முடிவைச் சொல்வதாக இருந்தது. ஆனால் படை திரும்பிய காலையில் பள்ளிவாசலில் நடந்ததைக் கடந்துபோக மனம் வரவில்லை. நயவஞ்சகம் என்றால் என்ன, மனத்தூய்மை என்றால் என்ன என்பதற்கு அந்தக் காலையை விடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்த வரலாற்றில் இல்லை.

பயணம் முடிந்து வந்தால் நபிகளார் முதலில் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, மக்களைப் பார்க்க அமர்வது வழக்கம். அன்று வரிசையாக வந்தவர்கள், படைக்குப் போகாமல் ஊரில் தங்கியவர்கள். எண்பதுக்கும் மேற்பட்டோர். கோடை, நெடுந்தூரம், பேரீச்சை பழுக்கும் பருவம் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. படை கிளம்பும் முன்பே ஜத்து இப்னு கைஸ், ரோமப் பெண்களைக் கண்டால் தன் மனம் தடுமாறிவிடும் என்று சொல்லி விலக்குக் கேட்டதைப் பழைய வரலாற்று நூல்கள் பதிந்திருக்கின்றன. இப்போதும் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்து சாக்குச் சொன்னார்கள். நபிகளார் அத்தனையையும் ஏற்றுக்கொண்டார்; அவர்களுக்காகப் பாவமன்னிப்பும் கேட்டார். உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார். எண்பது பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு வந்தார் கஅப் இப்னு மாலிக்.

மதீனாவாசிகள் நபிகளாருக்கு ஆதரவு உறுதியளித்த அகபா உடன்படிக்கையில் கைகொடுத்தவர். கவிஞர், வாதத் திறமை உள்ளவர். அவர் நினைத்திருந்தால் அந்த எண்பது சாக்குகளையும் மிஞ்சும் ஒன்றை நொடியில் புனைந்திருக்க முடியும். அதுவரை தம்மிடம் இருந்திராத இரண்டு சவாரி ஒட்டகங்கள் அப்போதுதான் அவரிடம் இருந்தன. நாளைக்குத் தயாராகலாம், நாளைக்குத் தயாராகலாம் என்று தள்ளிப்போட்டே படையைத் தவறவிட்டார். அதன்பின் மதீனாத் தெருக்களில் நடந்தபோது அவர் கண்ணில் பட்டவர்கள் இரு வகையினர்தாம்: நடக்க இயலாதவர்கள், நயவஞ்சகர் என்று ஊர் சந்தேகித்தவர்கள். தாம் யாருடைய கூட்டத்தில் நிற்கிறோம் என்று அந்தத் தெருக்கள் அவருக்கு உணர்த்தின.

நபிகளாரின் புன்னகையில் கோபம் தெரிந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டார். தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்றார் கஅப். இன்று பொய்யால் உங்களைத் திருப்திப்படுத்தினால் நாளை இறைவன் அதைக் குலைத்துவிடுவான் என்றும் சொன்னார். இவர் உண்மை சொன்னார் என்று நபிகளார் ஏற்றார். இறைவனின் தீர்ப்பு வரும்வரை போயிருக்கச் சொன்னார்.

தண்டனை கடுமையானது. கஅபோடும், அவரைப் போலவே உண்மை சொன்ன முராரா, ஹிலால் இருவரோடும் யாரும் பேசக் கூடாது. மற்ற இருவரும் வீட்டிலேயே அழுதுகொண்டிருந்தார்கள். கஅப் கடைத்தெருவுக்குப் போனார், தொழுகைக்குப் போனார். சலாம் சொன்னால் பதில் இல்லை. ஒரு நாள் தம் பிரியமான உறவினர் அபூ கதாதாவின் தோட்டச் சுவரேறிக் குதித்து, நான் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிக்கிறேன் என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்டார். மூன்றாம் முறை கேட்ட பிறகு, அது அல்லாஹ்வுக்கும் தூதருக்கும்தான் தெரியும் என்ற பதில் மட்டும் வந்தது. கண்ணீரோடு அதே சுவரேறித் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து, தானியம் விற்க ஷாமிலிருந்து வந்த நபாத்திய விவசாயி ஒருவர் கஅபை விசாரித்துக்கொண்டு வந்தார். கையில் கஸ்ஸான் மன்னரின் கடிதம். உம் தலைவர் உம்மை ஒதுக்கிவிட்டாராம்; இழிவுபட வேண்டிய ஆள் நீர் அல்லர்; எங்களிடம் வாரும், ஆதரிக்கிறோம் என்பது அதன் சாரம். கஸ்ஸானியர் ரோமரின் கூட்டாளிகள். தபூக்கில் நடக்காமல் போன போர் கஅபின் வீட்டு அடுப்பின் முன்னால் நடந்தது என்றே நான் சொல்வேன். கஅப் கடிதத்தை அடுப்பில் போட்டார். பார்க்க யாரும் இல்லாத இடத்தில் செய்த இந்தக் காரியத்துக்காகவே அவரைப் பல படைத்தலைவர்களுக்கு மேலே வைக்கிறேன்.

நாற்பதாம் நாள் மனைவியரையும் விலகியிருக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முதியவரான ஹிலாலுக்குப் பணிவிடை செய்ய மட்டும் அவர் மனைவிக்கு அனுமதி கிடைத்தது. ஐம்பதாம் நாள் விடியற்காலைத் தொழுகை முடித்துக் கஅப் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருந்தபோது மன்னிப்புச் செய்தி வந்தது. அதைச் சொல்ல ஒருவர் குதிரையில் விரைந்தார். இன்னொருவர் ஸல்உ மலைமேல் ஏறிக் கூவினார். குதிரையைக் குரல் முந்தியது. கஅப் சஜ்தாவில் விழுந்தார். கூவியவருக்குத் தம் உடைகளையே பரிசாகக் கொடுத்துவிட்டு, இரவல் உடையில் பள்ளிவாசலுக்கு ஓடினார். அம்மூவரின் மன்னிப்பு குர்ஆனின் தவ்பா அத்தியாயத்தில், 118ஆம் வசனத்தில் இடம்பெற்றிருக்கிறது.

கஅப் முதுமையில் பார்வை இழந்தார். இத்தனையையும் வாய்விட்டுச் சொன்னவர் அவரே. புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் அந்த நெடிய வாக்குமூலம் இருக்கிறது. அதில் அவர் அந்த எண்பது பேரில் ஒருவரையும் பெயர் சொல்லிக் காட்டவில்லை.

பொய் சொன்னவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. உண்மை சொன்னவர்கள் ஐம்பது நாள் வதைபட்டார்கள். இது அநீதி என்று தோன்றலாம். என் தீர்ப்பு வேறு. திருந்துவார் என்று நம்பப்பட்டவருக்கே அந்தத் தண்டனை கிடைத்தது. சாக்கை ஏற்று அனுப்பிவைத்ததுதான் அந்த எண்பது பேருக்குக் கிடைத்த மிகப் பெரிய தண்டனை.

அடுத்த வாரம்: இப்னு உபையின் ஜனாஸா, நபிகளார் கொடுத்த சட்டை, உமரின் ஆட்சேபம்.