வடிநில உச்சமழை மதிப்பீடு

ஓர் ஆற்றின் வடிநிலத்தில் குறிப்பிட்ட நேரத்துக்குள் அதிகபட்சம் எவ்வளவு மழை பெய்யக்கூடும் என்ற கணிப்பே நிகழக்கூடிய உச்சமழை. பெரிய அணைகளின் உபரிநீர்ப் போக்கிகள் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இதை வைத்தே முடிவு செய்கிறார்கள். கணிப்பு குறைந்துபோனால் வெள்ளம் அணை மேல் ஏறி வழியக்கூடும். மண் அணையாக இருந்தால் கரை அரித்து உடையக்கூடும்.

மரபு முறைகள்

1913 மார்ச்சில் அமெரிக்காவின் டேட்டன் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. பின்னர் அங்கே வெள்ளத்தடுப்பு அணைகளைத் திட்டமிட்ட ஆர்தர் மார்கன், அந்த வெள்ளத்தைவிட 40 விழுக்காடு பெரிய வெள்ளத்துக்கும் ஈடுகொடுக்குமாறு அவற்றை அமைத்தார். அடுத்த பதிற்றாண்டுகளில் வானிலையாளர்கள் உச்சமழையைக் கணிக்க ஒரு முறை வகுத்தனர். பதிவான பெருமழையின்போது காற்றில் இருந்த நீராவியையும், அப்பருவத்தில் அங்கே இருக்கக்கூடிய உச்ச நீராவியையும் ஒப்பிட்டு, அந்த விகிதத்தால் மழையளவைப் பெருக்கினர். அருகில் பெய்த பெருமழையை வடிநிலத்துக்கு இடம்மாற்றியும் கணக்கிட்டனர். 1961இல் டேவிட் ஹெர்ஷ்ஃபீல்டு, மழைப் பதிவுகளின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் அடிப்படையாகக் கொண்ட புள்ளியியல் முறையைத் தந்தார்.

நீராவி கூடும் அதே விகிதத்தில் மழையும் கூடும் என்பது மரபு முறையின் அடிப்படை. ஆனால் நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிப்படும் வெப்பம், காற்று மேலெழும் வேகத்தையே மாற்றிவிடும். மலைச்சரிவுகளில் இந்த அனுமானம் மேலும் தடுமாறும். 1999இல் ஆஸ்திரேலியாவின் டெபோரா ஆப்ஸ் இவ்வகை அனுமானங்களைக் கணினி மாதிரி கொண்டு சோதித்தார்.

வளிமண்டல மாதிரிகள்

வளிமண்டலத்தின் கணினி மாதிரிகளைக் கொண்டு உச்சமழையைக் கணிப்பதற்குக் கலிஃபோர்னியாவின் அமெரிக்கன் ஆறு சிறந்த எடுத்துக்காட்டு. பசிபிக் கடலிலிருந்து குறுகலான நீராவி ஓட்டங்கள் வந்து சியெரா நெவாடா மலையில் மோதும்போது, அதன் வடிநிலத்தில் பெருமழை கொட்டுகிறது. கீழே ஃபோல்சம் அணையும் சாக்ரமென்டோ நகரமும் இருக்கின்றன. லெவென்ட் கவாஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2011இலும் அதற்குப் பின்னும் வெளியிட்ட ஆய்வுகளில், பழைய பெருமழைகளைக் கணினியில் மறுபடி உருவாக்கினர். பிறகு மாதிரியின் எல்லையில் நுழையும் காற்றின் ஈரப்பதத்தை 100 விழுக்காடாக்கினர். நீராவி ஓட்டம் நேராக வடிநிலத்தின் மேல் பாயும்படி எல்லை நிலைமைகளை வடக்கு, தெற்காக நகர்த்தியும் பார்த்தனர். இங்கே மழையை ஒரு பெருக்கல் எண் முடிவு செய்வதில்லை. காற்று, வெப்பம், மலை ஆகியவற்றின் இயற்பியல் சமன்பாடுகள் முடிவு செய்கின்றன.

இன்றைய நிலை

வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே புவி வெப்பமாகி வரும் நிலையில் பழைய பதிவுகள் மட்டும் போதாது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2024 அறிக்கை, உச்சமழையைத் தாண்ட முடியாத எல்லையாகக் கொள்ளாமல், தாண்டுவதற்கு மிக அரிதான வாய்ப்புள்ள அளவாக வரையறுக்கச் சொன்னது. ஒருசில கிலோமீட்டர் நுணுக்கமுள்ள மாதிரிகளையும் பரிந்துரைத்தது. இதன்படி, ஓர் அணை எவ்வளவு ஆபத்தை ஏற்கிறது என்பதை, அதன் கீழே வாழும் மக்களுக்கு எண்ணாகவே எடுத்துச் சொல்ல முடியும்.