வேருக்குள் பூஞ்சை: குற்றால மலையும் தென்காசி வயலும்

குற்றால மலைக்காட்டு மரங்களைப் பற்றி வளரும் ஆர்க்கிடுகளின் விதை தூசுபோல் நுண்ணியது. முளைவிடப் போதுமான உணவுச் சேமிப்பு அதில் கிடையாது. பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் இத்தகைய விதை முளைக்கும் என்பதை 1899இல் பிரெஞ்சு அறிஞர் நொயேல் பெர்னார் எடுத்துக்காட்டினார். அப்படி ஊட்டுபவற்றில் பல, ரைசோக்டோனியா என்ற பெயருக்குள் அடங்குபவை. மலையிறங்கிச் சிற்றாற்றுப் பாசன வயலுக்கு வந்தால், நெல்லின் இலையுறைக் கருகல் நோய்க்கும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். பெயர் ஒன்றானாலும் இனங்கள் வேறு என்று மறுக்கலாம். பாதி சரி, அந்தப் பெயர் பல பேரினங்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. ஆனால் பயிரில் நோய் உண்டாக்கும் சில ரைசோக்டோனியாக்களே ஆய்வகத்தில் ஆர்க்கிடு விதையை முளைக்க வைத்துள்ளன. போதாக்குறைக்கு, தன் உயிரணுவுக்குள் சுருண்டு கிடக்கும் பூஞ்சையிழையை ஆர்க்கிடு செரித்தும்விடுகிறது. யார் யாரை உண்கிறார்கள்? ஒரு பூஞ்சை துணையா பகையா என்பதை அதன் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்த வேரில், எந்த மண்ணில் என்றும் கேட்டாக வேண்டும்.

விவசாயிகள் ‘வாம்’ என்று வாங்கும் வேர் உட்பூசணம் இதற்கு இன்னும் தெளிவான சான்று. ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் 40 கோடி ஆண்டுப் பழமையான தடயம் உள்ள உறவு இது. வேர் எட்டாத இடத்திலிருந்து பூஞ்சை மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. செடி தான் தயாரித்த உணவில் 4 முதல் 20 விழுக்காடு வரை விலையாகக் கொடுக்கிறது. மழையில் கரைந்து அமிலமான மலைமண்ணில் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்திருப்பதால் அந்த விலை கட்டுப்படியாகும். ஆண்டுக்கணக்கில் டிஏபி என்ற மணிச்சத்து உரம் இட்ட தோட்டத்தில் செடிக்குத் தரகர் எதற்கு? அங்கே வேர் பூஞ்சையை ஏற்பது குறையும். ஏற்றாலும் செலவு வரவை மிஞ்சலாம். துணைமைக்கும் ஒட்டுண்ணித்தன்மைக்கும் இடையில் இருப்பது தொடர்சரிவு என்று 1997இல் ஜான்சன், கிரஹாம், ஸ்மித் மூவரும் முன்வைத்த கருத்துக்கு இதுவே அடிப்படை. மண் பரிசோதனை இல்லாமல் வாம் பொட்டலத்தைப் பரிந்துரைப்பது அரைகுறை அறிவியல் என்பேன்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உட்பூசணத்தால் நட்டம் நேரலாம், மரம் சாகாது. 2013இல் வெளியான அதன் மரபணுத் தொகுப்பில் தாவரச் செல்சுவரைச் சிதைக்கும் நொதிகள் ஏறக்குறைய இல்லை. 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பதிவான தென்னை வாடல் நோய்க்குக் காரணமான கானோடெர்மா பூஞ்சையிடம் அத்தகைய நொதிகள் ஏராளம். அப்படியானால் கொல்லும் திறன் பிறவியிலேயே வருவதுதானே? திறன் பிறவியில் வருவதுதான். இதை ஒப்புக்கொண்டால் மேற்சொன்ன சரிவு ஒரே நேர்கோடு என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். ஆனால் திறன் நோயாக மாறுவது வேறு கதை. காட்டில் கானோடெர்மா பேரினத்துப் பூஞ்சைகள் பட்ட மரத்தை மட்கவைக்கின்றன. தென்னைக்குச் சொல்லப்படும் சிகிச்சையைப் பாருங்கள்: மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, 50 கிலோ தொழுவுரத்தில் கலந்த 200 கிராம் டிரைக்கோடெர்மா என்ற எதிர்ப்பூஞ்சை, நீர் வசதி உள்ள இடத்தில் ஊடுபயிராக வாழை. இவற்றோடு சொல்லப்படும் வேர்வழி மருந்து கட்டுவதும், நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டுவதும் பூஞ்சையை நேரே குறிவைப்பவை. பிண்ணாக்கும் தொழுவுரமும் வாழையும் வேர் நிற்கும் மண்ணைத்தான் மாற்றுகின்றன.